ஒட்டுவது எது என்று முதலில் பாருங்கள்

பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். வண்டி கொஞ்சம் முரண்டு பிடித்தால் போதும், "கார்புரேட்டர் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இளவயது மெக்கானிக்குகள் பலரும் அப்படித்தான். கழற்று, புதுசு மாட்டு, பில் போடு. அரசு ஜீப்புகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் 31 வருஷம் கை கறுக்க வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கார்புரேட்டர் மேல் விழும் பழிகளில் பெரும்பாலானவை அது செய்யாத குற்றங்கள்.

"கார்புரேட்டர் ஒட்டுது" என்று வருவார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "எது ஒட்டுது?" என்பதுதான். அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன.

முதலாவது, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் இரைச்சல் இறங்காமல் ஓடுவது. இரண்டாவது, சோக் மூடியபடியே நின்றுவிடுவது. வண்டி கரும்புகை கக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும், பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். மூன்றாவது, உள்ளே மிதவையோடு சேர்ந்த நீடில் வால்வு சிக்கிக்கொள்வது. திறந்த நிலையில் சிக்கினால் பெட்ரோல் வழியும். மூடிய நிலையில் சிக்கினால் என்ஜின் பசியில் இருமி நின்றுவிடும்.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மூன்றுக்கும் ஒரே மருந்தாகப் புது கார்புரேட்டர் மாட்டுவது, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே ஆபரேஷன் செய்வது போல.

என் மனைவியின் தம்பி சிறுமலையில் கொஞ்சம் வாழையும் மிளகும் வைத்திருக்கிறார். 1970களில் வந்த பெட்ரோல் ஜீப் பிக்கப் ஒன்றில்தான் இன்றும் தார்களைத் திண்டுக்கல்லுக்கு இறக்குகிறார். போன வருஷம் ஒரு நாள் போன் செய்தார். "மாமா, காலை எடுத்தாலும் வண்டி இழுத்துக்கிட்டே ஓடுது. புது கார்புரேட்டர் போடணும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்லிட்டாங்க."

"மாப்ளே, லோடு ஏத்தாதே. வண்டியை அங்கேயே நிறுத்து" என்றேன். அந்த மலைப்பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் வாழைத்தார் பாரம், முன்னால் பள்ளம். அங்கே ஆக்ஸிலேட்டர் சிக்குவது விளையாட்டு இல்லை. செலவு பிறகு, உயிர் முதலில்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். என்ஜினை அணைத்துவிட்டு, பெடலிலிருந்து வரும் இணைப்பை கார்புரேட்டர் முனையில் கழற்றி, பட்டர்ஃப்ளையின் நெம்புகோலை விரலால் அசைத்தேன். வெண்ணெய் மாதிரி திறந்து, டக்கென்று மூடியது. அப்படியானால் குற்றவாளி உள்ளே இல்லை, பெடலுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில். தேய்ந்த புஷ் ஒன்று ராடைச் சாய்த்திருந்தது. இழுத்துப் பிடிக்க வேண்டிய ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்து தொங்கியது. இரண்டையும் மாற்றினோம். டிபன் சாப்பிடும் காசுதான் ஆனது.

விரலால் அசைக்கும்போதே சிக்கியிருந்தால் கதை வேறு. தண்டில் பிசின் ஏறியிருக்கலாம். கிளீனர் அடித்துத் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும். தண்டே தேய்ந்து ஆடினால்தான் பெரிய வேலை. வெளியிலிருந்து உள்ளே, மலிவானதிலிருந்து விலை கூடியதற்கு. சோதனையின் வரிசை இதுதான்.

ஓடும்போதே சிக்கினால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் வண்டி எடுக்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். என்ஜின் கத்தட்டும், கவலை வேண்டாம். பிரேக் பிடித்து ஓரம் கட்டிய பிறகு சாவியை அணையுங்கள்.

நீடில் வால்வு சிக்கியதாகச் சந்தேகம் வந்தால், ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மிதவை அறையின் பக்கத்தில் மெல்லத் தட்டிப் பாருங்கள். வழிவது நின்றால் தூசிதான் காரணம். திறந்து சுத்தம் செய்தால் போதும். பித்தளை மிதவை ஓட்டையா என்று அறிய வெந்நீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் ஓட்டை. வழிந்த வண்டியில் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பார்க்க மறக்காதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். அது மென்மையான பித்தளை. அதன் துளையின் அளவுதான் கார்புரேட்டரின் மூளை. மயிரிழை பெரிதானாலும் கணக்கு கெட்டுவிடும். காற்றடித்து ஊதினாலே போதும்.

இனி பெட்ரோலைப் பற்றி. 2022 ஜூனில் நாடு 10 சதவீத எத்தனால் கலவையை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. இறக்குமதிச் செலவு குறையும், கரும்பு விவசாயிக்கு வருமானம் வரும் என்ற நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரமையும் கெடுக்கும். டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கிளப்பிக் கொண்டுவந்து நீடில் வால்வில் சேர்க்கும். அந்தக் காலத்து வண்டி இதற்காகச் செய்யப்பட்டது அல்ல. எத்தனால் குறைந்த பெட்ரோலும் சாதாரண விலையில் கிடைக்கும்படி ஊருக்கு ஒரு பங்கிலாவது வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பழைய வண்டியில் பிழைப்பு நடத்துகிறவர்கள் பணக்காரர்கள் அல்லர்.

அதுவரை நம்மால் ஆனது இவ்வளவுதான். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பம்பின் அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள வண்டியானால் வாரம் ஒருமுறை அதைப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திப் போடாதீர்கள். மிதவை அறையில் பெட்ரோல் வற்றினால் மிஞ்சுவது பிசின்தான், அதுவே அடுத்த ஒட்டலுக்கு ஆரம்பம்.

கார்புரேட்டர் மந்திரப் பெட்டி இல்லை. காற்றையும் பெட்ரோலையும் அளந்து கலக்கும் ஒரு படி, அவ்வளவுதான். இந்த வேலை தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் தெருமுனையில் அப்படி ஒரு வயதான மெக்கானிக் இன்னும் கடை திறக்கிறார் என்றால், உங்கள் வண்டியை அவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது வீட்டில் வேலை கற்கும் வயதில் பையனோ பெண்ணோ இருந்தால் கூட்டிப்போய் பக்கத்தில் நிற்க வையுங்கள்.