பால்கட்டு என்று இருந்துவிடாதீர்கள்!

வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்றால் நமக்குத் தெரியாத கைவைத்தியமே இல்லை. ஆனால் மார்பில் கட்டி என்று அவள் சொன்னால் மட்டும், "பால் ஊறுகிற இடம், அப்படித்தான் இருக்கும். ஒத்தடம் கொடு, கரைஞ்சுடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

என் நாத்தனார் பெண்ணுக்கு ஆறாம் மாதத்தில் கொட்டைப்பாக்கு அளவு ஒரு கட்டி வந்தது. வலியே இல்லை. மூன்று வாரமாகியும் கரையவில்லை. "வயித்துல குழந்தையை வெச்சுண்டு டெஸ்ட் எல்லாம் வேண்டாம்" என்றார் அவள் மாமியார். நான்தான் பிடிவாதமாக லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். முதலில் எடுப்பது ஸ்கேன். குழந்தையைப் பார்க்க வயிற்றில் எடுக்கிறார்களே, அதே மாதிரிதான்; வெறும் ஒலி அலை. அவசியப்பட்டால் மம்மோகிராமும் எடுக்கலாம். அது எக்ஸ்ரேதான் என்றாலும் வயிற்றுக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். சந்தேகம் தீராவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்து பயாப்ஸி பார்ப்பார்கள். எதற்கும் பிரசவம்வரை காத்திருக்க வேண்டாம்.

அவளுக்கு வந்தது சாதாரணக் கட்டிதான். இந்தச் சமயத்தில் வருகிற கட்டிகளில் பத்தில் எட்டு அப்படித்தானாம்.

"புற்றுநோயாக இருந்தால் கருவைக் கலைக்கணுமா டாக்டர்?" என்று கேட்டேன். பெரும்பாலும் தேவையில்லை என்றார். கர்ப்பத்திலேயே ஆபரேஷன் செய்ய முடியும். மூன்று மாதம் தாண்டினால் கீமோ மருந்துகளில் சிலவற்றைக் கொடுக்கலாம். கதிர் சிகிச்சையைப் பொதுவாகப் பிரசவத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்வார்கள். கரைந்துவிடும் என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டால்தான் நோய் முற்றிவிடுகிறது.

சகோதரிகளே, இவற்றை நினைவில் வையுங்கள்:

* முதல் செக்கப்பிலேயே மார்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஏற ஏற மார்பு கனத்து, கட்டி கைக்கு அகப்படாது.

* இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டி, தோலில் குழி, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் ரத்தம் – எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

* பால் கொடுக்கும்போது வரும் கட்டு, மருந்து சாப்பிட்டும் அடங்காவிட்டால் திரும்பவும் போய்க் காட்டுங்கள்.

பெண்ணோ மருமகளோ, பிள்ளைத்தாய்ச்சி இதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவாள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மெதுவாக நாமே கேட்டுவிடலாமே!