வரிப் படிவமும் வீட்டுப்பாடமும்



ஆண்டுதோறும் ஏப்ரல் பிறந்தால் நம் ஆசிரியர் அறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். யாரோ ஒருவரின் மேசையில் இ.சி. படிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். ஒவ்வொன்றின் மூலையிலும் அடையாள அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருக்கும். கூடவே 50 ரிங்கிட் தாள் ஒன்று. "எனக்கும் வரிக் கணக்கைப் போட்டுவிடுங்கள் சார். கொஞ்சம் குறைத்தே போடுங்கள்." மணி அடித்ததும் அதே ஆசிரியர் வகுப்புக்குச் சென்று, "வீட்டுப்பாடத்தை அண்ணனிடம் கொடுத்தா செய்தாய்?" என்று மாணவனைக் கண்டிப்பார்.

யாரையும் இழிவுபடுத்த இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். பல ஆண்டுகள் ஒருவரிடம் படிவத்தைக் கொடுத்தேன். அவர் என்ன நிரப்பினார் என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. 2014-ஆம் ஆண்டு, கழிவுகளுக்கான பற்றுச்சீட்டுகளைக் காட்டும்படி எனக்குக் கடிதம் வந்தது. அதில் 'பெற்றோர் மருத்துவச் செலவு 5,000 ரிங்கிட்' என்று ஒரு வரி இருந்தது. என் தந்தையார் மறைந்தது 2009-இல். தாயார் அதற்கும் முன்பே போய்விட்டார். இறந்துபோன பெற்றோரின் பெயரால் நான் பொய்க்கணக்கு எழுதியிருந்தேன்! எழுதியது என் கையன்று என்றாலும், உண்மை என்று உறுதி கூறியது என் பெயர்தான். வரியையும் தண்டத்தையும் கட்டினேன். பணம் போனது பெரிதில்லை. அன்றிரவு அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நம்மில் பலர் உணராத செய்தி ஒன்று உண்டு. 2004-ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் தனிநபர்களுக்கும் தன்மதிப்பீட்டு முறை நடப்பில் உள்ளது. அதாவது, வரியைக் கணக்கிடும் பொறுப்பு அதிகாரியிடமிருந்து நம்மிடம் வந்துவிட்டது. நாம் சொல்வதை உள்நாட்டு வருமான வரி வாரியம் முதலில் நம்பி ஏற்கிறது, பிறகு சரிபார்க்கிறது. ஆகவேதான் பற்றுச்சீட்டுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கிறார்கள். நம்பி ஒப்படைத்த பொறுப்பை 50 ரிங்கிட்டுக்குக் கைமாற்றுவது முறையா?

"மாதந்தோறும்தான் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, பிறகு எதற்குப் படிவம்?" என்று சிலர் கேட்பார்கள். மாதப் பிடித்தம் ஒரு மதிப்பீடு மட்டுமே. நிபந்தனைகளுக்கு உட்பட்ட சிலர், அந்தப் பிடித்தத்தையே இறுதி வரியாக விட்டுவிடலாம் என்பது உண்மை. ஆனால் கூடுதலாகப் பிடித்திருந்தால், படிவம் அனுப்பினால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். கேட்காதவருக்கு யார் கொடுப்பார்?

"எனக்குக் கணக்கு வராது" என்பது அடுத்த சாக்கு. விழுக்காடு கற்பிக்கும் ஆசிரியர் சொல்லக்கூடிய பேச்சா இது? ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஓர் ஆசிரியையின் ஆண்டு வருமானம் 60,000 ரிங்கிட். தனக்கான கழிவு 9,000. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவருக்குத் தலா 2,000. நூல், இதழ், கணினி, இணையக் கட்டணம் ஆகியவை அடங்கிய வாழ்க்கைமுறைக் கழிவு உச்ச அளவாக 2,500. மற்ற கழிவுகளை இப்போதைக்கு விடுவோம். மிஞ்சுவது 44,500. இதில் முதல் 35,000-க்கு வரி 600 ரிங்கிட். எஞ்சிய 9,500-க்கு 6 விழுக்காடு, அதாவது 570. மொத்தம் 1,170 ரிங்கிட். ஆறாம் ஆண்டு மாணவன் செய்துவிடுவான்!

இந்தக் கணக்கு இன்னோர் உண்மையையும் காட்டுகிறது. 2,500 ரிங்கிட் கழிவு என்றால் 2,500 ரிங்கிட் கைக்கு வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. கழிவு வருமானத்தைக் குறைக்கிறது. வரியை நேராகக் குறைப்பதில்லை. இந்த ஆசிரியை பொய்யாக 5,000 ரிங்கிட் சேர்த்தால் மிச்சமாவது வெறும் 300 ரிங்கிட். வாய்மையைப் பற்றிக் கட்டுரை எழுதவைக்கும் நாம், 300 ரிங்கிட்டுக்கா அதை விற்பது?

அதே வேளையில், நேர்மையான உரிமையைக் கோட்டை விடுகிறோம். தமிழ் நூல் வாங்குகிறோம், பற்றுச்சீட்டு கேட்பதில்லை. பாலர் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம், சீட்டைத் தொலைக்கிறோம். உள்ளதை விட்டுவிட்டு இல்லாததை எழுதச் சொல்கிறோம். இதுவா அறிவுடைமை?

மாலையில் பிரத்தியேக வகுப்பு நடத்துவோருக்கும் ஒரு சொல். அந்தக் கட்டணமும் வருமானமே. சம்பளம் மட்டும் உள்ளவர்களுக்கு பி.இ. படிவம், அதையே தொழிலாக நடத்துவோருக்கு பி படிவம். 'கையில் வாங்கும் காசுதானே' என்பது சட்டத்தின் முன் விடையாகாது. படிவமே அனுப்பாமல் இருந்து குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால், 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதத்திற்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

என்ன செய்யலாம்? பிப்ரவரி முடிவதற்குள் இ.சி. அல்லது இ.ஏ. படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பழைய உறையில் ஆண்டு முழுவதும் பற்றுச்சீட்டுகளைச் சேருங்கள். மார்ச் மாதத்தில் ஒரு மாலை, பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளிக் கணினி அறையைத் திறந்துவைக்கட்டும். தெரிந்தவர் அருகில் நின்று வழி சொல்லட்டும். விசைப்பலகை மட்டும் அவரவர் கையில் இருக்கட்டும். தோட்டத்திலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் வரும் பெற்றோரும் கற்றுக்கொள்வார்கள். ஏப்ரல் 30 கெடுவுக்கு முன்பே வேலை முடிந்துவிடும். கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையொப்பம்.

அந்தக் கடிதம் வந்த ஆண்டு முதல் என் படிவத்தை நானே நிரப்பி வருகிறேன். முதல்முறை மூன்று மணி நேரம் ஆனது. இப்போது அரைமணி போதும். 'பெற்றோர் மருத்துவச் செலவு' என்ற கட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் சுழியம் இடுகிறேன். அந்தச் சுழியத்தை இடும்போதெல்லாம் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன்.

நம் வீட்டுப்பாடத்தை நாமே செய்வோம். பிறகு பிள்ளைகளைக் கேட்போம்.