பேர் கேட்காமல் விட்டோம்

எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. எங்கள் தருமபுரிக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம். முதலாம் மகேந்திரவர்மனுடைய 34ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்க நின்று செத்துப்போன கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். திருடர் இருவரைக் கடித்து, செத்தவனுக்குக் காவலாக நின்ற நாய். அதன் பேர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது.

ஏறக்குறைய 1,400 வருஷமாக ஒரு நாயின் பேர் நிற்கிறது. என் அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கும் அம்மா ஒருத்தி இருந்திருப்பாள். அவள் பேர் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்த கடைசி ஆள் ஆயாதான். ஆயா எட்டு வருஷம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். எட்டு வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

என் வீட்டுக் குறை என்று நினைத்துத்தான் முதலில் வெட்கப்பட்டேன். பிறகு பங்காளிகள், மாமன் மச்சான்கள், கூடப் படித்தவர்கள் என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டேன். தாத்தாவின் அப்பா பேரைச் சிலர் சொன்னார்கள். அம்மாவைப் பெற்றவள், அவளைப் பெற்றவள் என்று கேட்டதும் எல்லாரும் ஒரே மாதிரி மேலே பார்த்தார்கள். அதனால் 'நாங்கள்' என்றே எழுதுகிறேன்.

பேர் தேடத் தெரியாதவர்கள் என்று எங்களைச் சொல்ல முடியாது. நிலம் என்று வந்தால் தேடுவோம். பட்டா மாற்ற, வாரிசுச் சான்று வாங்க, பாகம் பிரிக்க என்றால் மூலப்பத்திரத்துக்காகத் தகரப்பெட்டியைக் கவிழ்த்துவிடுவோம். 1965 அக்டோபர் 2க்கு முன்னால் தருமபுரி தனி மாவட்டம் கிடையாது, பழைய பத்திரத்தில் சேலம் ஜில்லா என்றுதான் போட்டிருக்கும் என்பது பள்ளிக்கூடம் போகாத பெரியப்பாவுக்கும் தெரியும். இன்னார் குமாரர் இன்னார், அவர் குமாரர் இன்னார் என்று ஆண்களின் பேர் அதில் கோர்வையாக வரும். அந்தக் கோர்வையையே எங்கள் வம்சம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெட்டியில் ஒரு விடுதலைப் பத்திரமும் கிடந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பிறந்த வீட்டு நிலத்தில் தனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்றது 1956ஆம் வருஷத்துச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் சம பங்கு என்று, அன்றைக்குக் கல்யாணம் ஆகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. இரண்டுக்கும் எங்கள் வீடுகள் கண்டுபிடித்த பதில் விடுதலைப் பத்திரம். புடவை ஒன்று எடுத்துக் கொடுத்து, சாப்பாடு வாங்கிப் போட்டு, பஸ் ஏற்றிவிட்டோம். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அத்தையின் இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. அவள் போட்டோ எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அவளுடையது என்று எங்களுக்கு மிஞ்சியது அந்த மை ரேகைதான். அதையும் செல்லரிக்காமல் பாலித்தீன் உறையில் வைத்திருப்பது நிலத்துக்காக.

எழுத்துத் தெரியாத பெண்களுக்கும் ஒரு ஏடு இருந்தது. ஒப்பாரிதான் அது. பிறந்த வீடு எது, வாழப்போன வீடு எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் சீர் கொண்டுவந்தார்கள், யார் வராமல் போனார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆயா எழவு வீட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தால் விடிய விடியப் பாடுவாள். அவள் பாட்டில் செத்தவர்களின் வீட்டுக்கதை மட்டும் வராது, தன் கதையும் ஊடே வரும். நாங்கள் என்ன செய்தோம்? படித்துவிட்டு வந்து, "சும்மா இரு ஆயா, மானம் போவுது" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தோம். இப்போது எழவு வீட்டில் ஒலிபெருக்கி பாடுகிறது. அதில் எந்த ஊர்ப் பேரும் இல்லை, எந்த அண்ணன் தம்பியும் இல்லை.

ஆயா அடிக்கடி சொன்ன ஒரு பேச்சு மட்டும் காதில் நிற்கிறது. "தாது வருசத்துல கெழங்கு நோண்டித் தின்னவங்கடா நாம." 1876இல் தொடங்கி 1878 வரை இழுத்த பஞ்சத்தைத்தான் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். சேலம் ஜில்லா அதில் மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. அவளே அதைப் பார்த்தவள் இல்லை, அவளுக்கு யாரோ சொன்னது. அந்த யாரோ யார்? எங்கள் குடும்பத்தில் அந்தப் பஞ்சத்துக்கு யாரைப் பறிகொடுத்தோம்? எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனோம்? சோற்றை மீதி வைக்கும்போதெல்லாம் அவள் அதைச் சொன்னதால் திட்டுவதாக நினைத்துக்கொண்டோம். எங்களுக்கு ஒரு சரித்திரம் சொல்ல வந்தாள் என்பது அப்போது புரியவில்லை.

எங்கள் பக்கம் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கிற நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து, கிடா வெட்டுகிறோம். பல கற்களில் வட்டெழுத்து இருக்கிறது. இன்ன அரசன் காலத்தில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டபோது பட்டான் என்று எழுதியிருக்கும். தொறு என்றால் மாட்டுமந்தை, பட்டான் என்றால் விழுந்து செத்தான். தமிழ்நாடு தொல்லியல் துறையினர் 1970களில் ஊர் ஊராக நடந்து இவற்றைப் படியெடுத்தார்கள். 'செங்கம் நடுகற்கள்' 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. தருமபுரியில் துறையின் அகழ்வைப்பகத்தில் கற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இவர்களும் ஒரு வீட்டில் சோற்றுக்கு வராமல் போன பிள்ளைகள். யாரோ அழுதுகொண்டே கல்தச்சனிடம் பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கற்களிலும் பெற்றவள் பேரைக் காண்பது அரிது. எருமைக்குக் காவல் நின்றவனை எழுதினார்கள், நாயை எழுதினார்கள். எங்கள் மறதிக்கு அவ்வளவு வயசு.

இதைவிடச் சொல்லக் கூச்சமானது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் விடுதலைப் பத்திரம் மாதிரி ஆகிவிடும்.

சின்ன வயசில் ஒரு நாள், "எத்தினி பேரு பெத்த ஆயா?" என்று கேட்டேன். "ஒம்போது. தங்கினது அஞ்சு" என்றாள். மிச்சம் நாலு பேரைப் பற்றி நான் கேட்கவில்லை. அப்பா கேட்டதில்லை. அத்தைகள் கேட்டதில்லை. தங்காமல் போனது என்கிற சொல் எங்கள் ஊரில் பெரிய போர்வை. காய்ச்சலில் போனதும் அதற்குள் இருக்கும், பெண்ணாகப் பிறந்ததால் போனதும் அதற்குள் இருக்கும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற என்று அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் வைத்தது. 2001இல் அந்தத் திட்டம் எங்கள் தருமபுரிக்கும் வந்தது. ஏன் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். பேப்பரில் தருமபுரி பேர் வந்தபோதெல்லாம், அது மலைப்பக்கத்துச் சனங்கள் செய்வது, அந்தச் சாதி செய்வது என்று ஆளாளுக்குக் கை காட்டினோம். யாரும் தன் வீட்டு ஆயாவிடம் போய் உட்காரவில்லை. அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு யார் என்ன சொன்னார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், எத்தனை நாள் பால் கட்டிக்கொண்டு கிடந்தாள் என்று கேட்க ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அவள் அறுபது வருஷம் அதைத் தனியாகச் சுமந்தாள். நாங்கள் நாலு பேர் இல்லாத குடும்பப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தோம்.

போன ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கலில் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனோம். மூன்று தலைமுறைப் பேர் கேட்டார் ஐயர். ஆண்கள் பேரை எப்படியோ சொல்லி முடித்தோம். பெண்கள் பேர் வந்தபோது என் தம்பி என்னைப் பார்த்தான், நான் காவிரியைப் பார்த்தேன். தெரியாவிட்டால் பரவாயில்லை, காவேரி என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். சொல்லிவிட்டு எள்ளும் தண்ணியும் விட்டோம்.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் பென்னாகரத்துக்குப் போனோம். அப்பாவின் தலைமுறையில் மிச்சமிருப்பது சின்னத்தை ஒருத்திதான். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. தம்பி காலண்டர் தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டான். பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் சின்னத்தை இடது கைப் பெருவிரலைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"எதுல வெக்கணும்?"

ரேகை வேண்டாம் அத்தை, பேர்தான் வேணும் என்றோம். அவள் நம்பவில்லை. நிலம் ஏதாவது விற்கிறீர்களா, கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஆயாவைப் பெற்றவள் பேர் அவளுக்கும் தெரியவில்லை. சரி, ஆயா பெற்ற ஒன்பது பேரையும் வரிசையாகச் சொல் என்றேன்.

வெகுநேரம் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"மூத்தது பொண்ணு. பேரு வெக்கல."

முதல் வரியில் 'மூத்த மகள்' என்று எழுதி, பக்கத்தில் பேருக்கு இடம் விட்டான் தம்பி.