சீனத்துக் கிழங்கும் மச்சினனின் சுகரும்

திருமங்கலத்தில் இருக்கும் என் மச்சினனுக்குச் சுகர் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. போன தைப்பொங்கல் முடிந்த கையோடு, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவை நம்பிச் சீனத்துக் கிழங்குப் பொடியைத் தபாலில் வரவழைத்தான். “அத்தான், இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைக் காலி பண்ணிரும். சீனாக்காரன் ஆயிரம் வருஷமா இதைத்தான் சாப்பிடுறான்” என்றான். மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டான். இரண்டு மாதம் கழித்து, செருப்புக் கடித்த புண் ஆறாமல் இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவன் சொன்ன ஆயிரம் வருஷக் கணக்கு பொய்யல்ல. அந்தக் கிழங்கு நம் வள்ளிக்கிழங்குக்குச் சொந்தம். சீனத்தில் அதற்கு ஷான்யாவ் என்று பெயர். ‘மலை மருந்து’ என்று பொருள். சியான் யீ என்ற குழந்தை வைத்தியரின் பெயரில் 1119-இல் வந்த நூலிலேயே அது மருந்துச் சரக்கு. நீரிழிவை அவர்கள் ஷியாவ்கே என்கிறார்கள். நாம் மூத்திரத்தைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைத்தோம், அவர்கள் தாகத்தைப் பார்த்து வைத்தார்கள். அந்தத் தாகத்துக்குச் சாங் ஷிச்சுன் என்பவர் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த கஷாயத்திலும் இந்தக் கிழங்கு உண்டு.

ஆனால் வீடியோக்காரர்கள் சொல்லாத சேதி ஒன்று இருக்கிறது. சீனாவில் பெரிய அளவில் விற்கும் சுகர் மருந்து ‘ஷியாவ்கே’ உருண்டை. அதில் ஷான்யாவ், சோள நார் என்று மூலிகைகள் உண்டு. கூடவே ஓர் உருண்டைக்கு 0.25 மில்லிகிராம் கிளிபென்கிளமைடும் உண்டு. அதுதான் நம்மூர் டாக்டர்கள் காலங்காலமாக எழுதித் தந்த டயோனில்! சீனாக்காரன் ஒளிக்கவில்லை, சரக்குப் பட்டியலிலேயே போட்டிருக்கிறான். இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம் என்று ஓடுகிறவன் அங்கே போயும் அதையேதான் விழுங்குகிறான். சீனத்து வைத்தியமே வெறும் கிழங்கை நம்பிச் சுகரை விடவில்லை என்பதுதான் எனக்குப் படுகிறது.

கிழங்குமேல் எனக்குக் கோபமில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சிறுகிழங்கும் பிடிகருணையும் வந்துவிட்டால் என் பை நிறைந்துதான் வீடு திரும்பும். மேற்கு மலைகளில் பளியர்கள் காட்டு வள்ளியைத் தோண்டித்தான் பசியாறினார்கள். ஆனால் அந்தக் கிழங்குக்காக அவர்கள் ஏறி இறங்கிய மலை எவ்வளவு! நான் ஆட்டோவில் போய் வாங்கி வருகிறேன். வேகவைத்த வள்ளிக்கிழங்கு நூறு கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. வெள்ளைச் சோற்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். நார் இருப்பதால் கொஞ்சம் மெதுவாக ஏறும். அதனால் சோற்றைக் குறைத்துக்கொண்டு கிழங்கு சாப்பிடலாம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கிழங்கு என்றால் கணக்கு இரட்டிப்பாகும். நம் வீடுகளில் நடப்பது இரண்டாவதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்திருந்தான். என் வீட்டுக்காரி பிடிகருணை மசியல் வைத்திருந்தாள். “இதுவும் கிழங்குதானே அக்கா, சாப்பிடலாமா?” என்று கேட்டான். “ரெண்டு கரண்டி. மாத்திரையப் போட்டுட்டு உக்காரு” என்றாள்.