மருந்துக்கு முன் நீரைப் பாருங்கள்

வீட்டுத் தொட்டியில் வளரும் தங்கமீனின் உடலில் புண் கண்டாலோ செட்டை நைந்து போனாலோ, ரெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையை உடைத்து நீரில் தூவிவிடுவது எளிதான வழியாகத் தோன்றுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில், மயிலிட்டி போன்ற வலிகாமம் வடக்கு ஊர்களில் அது பெரும்பாலும் பயன் தராது, கேடும் விளைவிக்கும். மீனின் தோல் நோயில் முதலில் திருத்த வேண்டியது அது நீந்தும் நீரையே.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதனூடாக ஊறும் கிணற்றுநீர் வன்னீர், காரத்தன்மை கொண்டது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. நீரின் பிஎச் அளவு 7இலிருந்து 8க்கு உயர்ந்தால் அதில் நச்சான அமோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பம் அதை மேலும் கூட்டுகிறது. அந்த நச்சு செவுளையும் தோலைக் காக்கும் சளிப்படையையும் அரிக்க, தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் பக்ரீரியாவும் பூஞ்சணமும் உள்ளே புகுந்துவிடுகின்றன. ரெட்ராசைக்கிளினோ வன்னீரிலுள்ள கல்சியத்துடன் பிணைந்து வீரியம் இழக்கிறது. அமோனியாவை மாற்றியமைக்கும் நல்ல பக்ரீரியாக்களையும் நுண்ணுயிர்க்கொல்லிகள் அழிக்கக்கூடும். அப்படியானால் நோயின் காரணத்தையே நாம் வளர்த்துவிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் நீரைக் குறை சொல்லலாமா, வெண்புள்ளி நோய் ஓர் ஒட்டுண்ணியால் அல்லவா வருகிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; நீரை மாற்றினால் மட்டும் அந்த நோய் போகாது. ஆனால் அங்கும் அறிவு மருந்தை முந்த வேண்டும். உப்புக்கல் அளவில் வெண்புள்ளிகள் தோன்றி, மீன் கல்லில் உடலை உரசினால் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். தோலுக்குள் இருக்கும் வரை மருந்து அதை எட்டாது. நீரில் தனியே நீந்தும் பருவத்தில்தான் அது சாகும். ஆகவே புள்ளி மறைந்த பின்னும் சில நாட்கள் சிகிச்சையைத் தொடர வேண்டும். அது பெரும்பாலும் புதிய மீனோடுதான் வருகிறது. புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்தால் பெருமளவு தடுக்கலாம். பஞ்சு போன்ற வளர்ச்சி பூஞ்சணம். அது பொதுவாகப் புண்பட்ட இடத்தில்தான் பிடிக்கும். எந்த நோயானாலும் நோயுற்ற மீனைப் பிரித்து, கால்பங்கு நீரை மாற்றி, உணவைக் குறைப்பதற்குச் செலவில்லை. அதன் பின்னும் புண் பரவினால் கால்நடை வைத்தியரைக் கேட்க வேண்டும்.

சில நூறு ரூபாய் மீனுக்கு இவ்வளவு பாடா என்பது அடுத்த கேள்வி. மருந்து கலந்த தொட்டிநீரைக் கொல்லையில் ஊற்றினால் அது எங்கே போகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. சுண்ணக்கல் வெடிப்புகள் நிறைந்தது. மேலே ஊற்றியது விரைவாகக் கீழே இறங்கும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரையும் கண்டோம். போரினால் 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களில் ஒரு பகுதியினருக்கு 2017 யூலையில்தான் நிலம் திரும்பக் கிடைத்தது. அத்தனை ஆண்டு காத்திருந்து மீட்ட நிலத்தின் கிணறுகளில் நுண்ணுயிர்க்கொல்லி கலக்க நாமே இடம் கொடுக்கக் கூடாது. வைத்தியரின் சீட்டின்றி அம்மருந்தை விற்பதை மருந்துக் கடைகள் நிறுத்த வேண்டும். நீர்ப் பரிசோதனைத் தாள்களை மீன்கடைகள் விற்க வேண்டும். கால்நடை வைத்திய அலுவலகங்கள் மீன் நோய்கள் பற்றித் தமிழில் எளிய கையேடு தர வேண்டும். தொட்டி மீனுக்கும் குடிக்கும் நமக்கும் நிலத்தடி நீர் ஒன்றே.