அது சில்மிஷம் இல்லை

காலையில் பேப்பரைப் பிரித்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. 'ஓடும் பஸ்ஸில் பெண்ணிடம் சில்மிஷம்.' பக்கத்தைத் திருப்பினால் 'மாணவியிடம் சில்மிஷம்: ஆசிரியர் கைது.' இன்னும் எத்தனை காலத்துக்கு இப்படியே தலைப்புப் போடுவார்கள்?

புதிதாகக் கல்யாணமானவன், அடுப்படியில் நிற்கும் மனைவியின் பின்னலைப் பிடித்து இழுக்கிறான். "சும்மா இருங்க, அத்தை வந்துடுவாங்க" என்று அவள் கையைத் தட்டிவிடுகிறாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அதுதான் சில்மிஷம். அவளுக்கும் அதில் இஷ்டம் உண்டு.

டவுன் பஸ் நெரிசலில், பையை நெஞ்சோடு அணைத்து, விரலிடுக்கில் ஊக்கைத் திறந்து பிடித்தபடி நிற்கிறாளே, அவளுக்கு என்ன இஷ்டம்? பின்னாலிருந்து உரசுகிறவனுக்கு அது விளையாட்டாக இருக்கலாம். செய்தி எழுதுகிறவர் ஏன் அவன் பக்கம் நின்று எழுத வேண்டும்?

'ஈவ் டீசிங்' என்று சொல்லிச் சொல்லியே முன்பும் இப்படித்தான் மழுப்பினோம். 1998-இல் சென்னையில், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அட்டகாசத்தில் ஒரு கல்லூரி மாணவி கீழே விழுந்து உயிரையே விட்டாள். அதன்பின் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் 'ஈவ் டீசிங் தடை' என்றே பெயர். 2002-இல்தான் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று மாற்றினார்கள். சட்டமே திருந்திவிட்டது, பத்திரிகைகளுக்கு மட்டும் என்ன தயக்கம்?

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் வயிறு எரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியரே மாணவியிடம் தவறான எண்ணத்தோடு கை வைத்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குறைந்தது 5 ஆண்டு சிறை. அவ்வளவு பெரிய குற்றத்தைச் சில்மிஷம் என்று அச்சடித்தால், படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "இதுக்குப் போய் ஸ்டேஷன் வரைக்கும் போகணுமா? பொம்பளப் பிள்ளை பேரு கெட்டுடும்" என்று பெற்றவளின் வாயை அடைக்கத் தெருவே திரண்டு வரும். அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்குமா?

தலைப்பில் இடம் போதாது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். இடம் இல்லாவிட்டால் 'தொல்லை' என்று மட்டுமாவது போடலாம்; 'சில்மிஷம்' என்பதைவிட அது சின்ன வார்த்தைதான். பத்திரிகை உதவி ஆசிரியர்களே, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நாளைக் காலைப் பதிப்பிலிருந்தே 'பாலியல் தொல்லை' என்று போடுங்கள்.