‘அருளர்’ இறுவட்டும் வன்னி எழுதவேண்டிய விமர்சனமும்

எழுபதுகளின் பிற்பகுதியில் வவுனியா மாவட்டத்தின் கண்ணாட்டியில் ஒரு பண்ணை இருந்தது. ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான அருட்பிரகாசம் அமைத்த பண்ணை அது. இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள். அருளர் என்ற பெயரில் அவர் எழுதிய ‘லங்கா ராணி’ நாவலை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1977 வன்செயலின்போது கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிவந்த கப்பலின் கதை அது. 2005இல் ‘அருளர்’ என்ற அந்தப் புனைபெயரே லண்டனில் வெளியான ஒரு பொப் இறுவட்டின் தலைப்பானது. பாடியவர் அவருடைய மகள் மாதங்கி அருட்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும்.

தகப்பன் வீட்டில் இருந்த காலம் குறைவு. இணையத்தில் அவர் தன் பெயரைத் தேடினால் மகளின் பாட்டு அகப்படட்டும் என்ற எண்ணத்தில்தான் அந்தத் தலைப்பை வைத்ததாக மாதங்கி சொல்லியிருக்கிறார். தகப்பனிடமிருந்து மின்னஞ்சலும் வந்தது: பெருமைதான், ஆனால் தலைப்பை மாற்று என்று. மகள் மாற்றவில்லை.

அந்த இறுவட்டைப் பற்றி மேலைநாட்டு விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதை எடைபோடும் முதல் உரிமை உள்ள வன்னியில் இன்னும் அந்தப் பேச்சு சரியாகத் தொடங்கவில்லை.

அந்த இறுவட்டு உருவான விதமே இங்குள்ள இளையோர் அறியவேண்டிய ஒன்று. 1986இல் தாய் கலாவோடு அகதியாக லண்டன் போய், ஓவியமும் திரைப்படமும் படித்த மாதங்கிக்கு முறையான இசைப் பயிற்சி கிடையாது. ‘இலாஸ்டிகா’ என்ற ரொக் குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், ரோலண்ட் எம்.சி.505 என்ற கருவி அறிமுகமானது. தாளமும் தாழ்சுருதியும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. படுக்கையறையில் அதை வைத்துக்கொண்டு, சாதாரண ஒலிப்பதிவுக் கருவியில் ஆறு பாடல்களைப் பதிந்தார். ‘கலாங்’ என்ற பாடல் 2003இல் முதலில் 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வந்தது. நடன விடுதிகளில் அது பரவிய பிறகுதான் எக்ஸ்.எல். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. இறுவட்டு, வெளியான ஆண்டிலேயே பிரித்தானியாவின் மேர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது.

வரவேற்போடு சர்ச்சையும் வந்தது. ‘சன்சவர்ஸ்’ பாடலில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிடும் வரிக்காக எம்.ரி.வி. முரண்டுபிடித்தது. விடுதலைப் புலிகளை நினைவூட்டும் புலி உருவங்களை அச்சடித்த ஓவியங்களைக் காட்டி, அவர் பயங்கரவாதத்தை ஆதரிக்கிறார் என்றார்கள். அவர் மறுத்தார். அவர் உண்மையான குரலா, நாகரிகப் பாவனையா என்று விமர்சகர்கள் மோதிக்கொண்டார்கள். அந்த விவாதத்தில் கிளிநொச்சிக்காரர் ஒருவரின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பிள்ளையைப் போருக்குக் கொடுத்த வீட்டிலும், பறிகொடுத்த வீட்டிலும், இன்றுவரை தேடித் திரியும் வீட்டிலும் அந்தப் புலி வெறும் சித்திரம் இல்லை. தூரத்தில் இருப்பவருக்கு அது அழகான அச்சு. இங்கே அது ஒரு கணக்கு, இன்னும் தீராத கணக்கு. ‘அருளர்’ இறுவட்டின் பலவீனம் அங்கேதான். கனமான அரசியல் சொற்களை வேகமாக வீசிவிட்டு, நின்று பார்க்காமல் அடுத்த தாளத்துக்குத் தாவிவிடுகிறது. ஆனாலும் பெயரற்ற அகதிப் பிள்ளை ஒன்று உலகின் காதைத் திருப்பிய துணிச்சலை மறுக்கமுடியாது. 2009 பெப்ரவரி 8இல் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிரமி மேடையில் பாடினார். அந்த மாதத்தின் முதல் வாரத்தில்தான் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளானது. யாருக்காகப் பேசுவதாக அவர் சொன்னாரோ, அந்தச் சனம் பங்கருக்குள் இருந்தது.

இரண்டாவது இறுவட்டுக்குத் தாயின் பெயர், ‘கலா’. அமெரிக்க விசா சிக்கலால் ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்தார். ‘போய்ஸ்’ பாடலுக்குச் சென்னையில் உறுமிக் கலைஞர்களை வாசிக்கவைத்தார். உறுமிக்கு அந்த இடம் கிடைக்குமென்றால், வற்றாப்பளைப் பொங்கலில் ஒலிக்கும் பறைக்கும், முல்லைமோடிக் கூத்தின் மெட்டுக்கும் ஏன் கிடைக்கக்கூடாது? 505 செய்த வேலையை இன்று கையிலிருக்கும் தொலைபேசியே செய்கிறது.

குறை கருவியில் இல்லை, கேட்பவரில் இருக்கிறது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் பாடியபோது இலங்கை வானொலி அவற்றை ஒலிபரப்பியது. ஊரே கேட்டது, திட்டியது, கூடவே பாடியது. இன்று முல்லைத்தீவில் ஒரு பிள்ளை தானே எழுதி இசையமைத்துப் பாடினால், “நல்லா இருக்குத் தம்பி, சினிமாப் பாட்டு ஒண்டு பாடுமன்” என்று திருவிழா மேடையில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரியில் எத்தனையோ பாட்டுகள் நின்றுபோகின்றன.

நமது பத்திரிகைகள் மாதம் ஒருமுறையாவது உள்ளூர்த் தனிப்பாடகர் ஒருவரின் புதிய பதிவை எடுத்து, யார் செய்தார், எதைக்கொண்டு செய்தார், எங்கே தவறினார் என்று முகத்துக்கு நேரே எழுதட்டும். திருவிழா உபயகாரர்கள் இசைநிகழ்ச்சியில் அரை மணித்தியாலத்தைச் சொந்தப் பாடல்களுக்கு ஒதுக்கட்டும். முதல் கட்டுரைக்கு ‘லங்கா ராணி’யையும் ‘அருளர்’ இறுவட்டையும் அருகருகே வைத்து, கண்ணாட்டியிலிருந்தே யாராவது எழுதினால் இன்னும் நல்லது.